எழுத்தை மிதிக்காத பிள்ளைகள்

சிவப்புச் சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் ஆறு ஆங்கில எழுத்துகளைப் பெரிதாக எழுதிவிட்டு நிமிர்ந்தேன். பின்னேர வெயில் யன்னல் கம்பிகளுக்கு ஊடாகச் சரிந்து, எழுத்துகளில் பாதியை மஞ்சளாக்கியிருந்தது. பிள்ளைகள் செருப்புகளை வாசலில் கழற்றிவிட்டுச் சுவரோரமாக வரிசையில் நின்றார்கள். மண்டபத்தில் ஈரச் சீமெந்தும் வெண்கட்டிப் பொடியும் கலந்த மணம்.

"நான் ஒரு சத்தம் சொல்லுவன். ஆரின்ர முறையோ அவர் ஒற்றைக்காலில கெந்திக்கொண்டு போய் அந்த எழுத்துக்கு மேல நிக்கவேணும். சரியோ?"

"ஓம் அக்கா!"

"ஸ்ஸ்ஸ்…" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. முன்னால் நின்ற நிரோஜன் வலது காலைத் தூக்கி, அதைக் காற்றிலேயே வைத்துக்கொண்டு நின்றான். வகுப்பில் அதிகம் சிரிப்பவனும் சிரிக்க வைப்பவனும் அவன்தான். அன்று அவன் முகத்தில் சிரிப்பில்லை.

"ஏன், விளங்கேல்லையோ?"

"விளங்கினது அக்கா," என்றாள் ஹனான். அவளுடைய குடும்பம் குறிஞ்சாக்கேணியில் இருந்து வந்து பாலையூற்றுச் சந்தியில் கடை வைத்திருந்தது. பெரிய மனுசி போலக் கதைப்பாள். "ஆனா எழுத்தை மிதிக்க ஏலாதே. குற்றம்தானே."

"மிதிச்சால் படிப்பு வராது," என்றான் நிரோஜன், காலை இறக்காமலே. "பிறகு சரஸ்வதி பூசைக்கு எனக்கு அவலும் தர மாட்டினம்."

"இது இங்கிலீசு எழுத்தடா. இங்கிலீசுக்கும் சரஸ்வதியோ?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"எழுத்தெண்டால் எழுத்துத்தான்!"

வரிசையின் கடைசியில் நின்ற டிலுக்சி தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்கட மாதா கோயில்ல அப்பிடியொண்டும் சொல்லுறேல்ல. எண்டாலும் எனக்கும் கால் கூசுது அக்கா."

மூன்று சமயத்துப் பிள்ளைகள் ஒரே தரையின் முன்னால் ஒரே காரணத்துக்காக நின்றுவிட்டார்கள். நான் கையிலிருந்த வெண்கட்டியைப் பார்த்தேன். எழுதும்போது எனக்கு அது தோன்றவேயில்லை. ஆனால் அவர்கள் சொன்னதும் என் காலும் கூசியது.

மான் தின்ற பாடம்

பல்கலைக்கழகம் மூடப்பட்டு, உடுப்புப் பெட்டியோடு ஓர்ஸ் ஹில் வீட்டுக்குத் திரும்பியதுவரை போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். எப்போது திறப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாத காலம் அது. இலக்கியம் படிக்கிற பிள்ளைக்கு விடுமுறையில் என்ன குறை, இருந்து வாசிக்கலாமே என்று வீட்டில் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சில வாரங்களில், நேற்று வாசித்த பக்கத்தையே இன்றும் வாசித்துக்கொண்டிருப்பதைக் கண்டுகொண்டேன். தலையை உயர்த்தினால் மரங்களுக்கு இடையே உள்துறைமுகத்தின் ஒரு துண்டு நீர். அதில் எந்தக் கப்பலும் அசைவதாகத் தெரியாது.

பாலையூற்றில் உள்ள ஒரு சனசமூக நிலையத்தின் செயலாளர், என் அம்மாவோடு ஒன்றாகப் படித்தவர். அவர்தான் கேட்டார்.

"சனி ஞாயிறு பின்னேரத்தில சின்னப் பிள்ளையளுக்கு இங்கிலீசு வாசிக்க, எழுதச் சொல்லிக் குடுக்க ஏலுமோ பிள்ளை? மூண்டாம் நாலாம் வகுப்புப் பிள்ளையள்தான். பள்ளிக்கூடத்தில பாட்டெல்லாம் பாடுதுகள். எழுத்தைக் கண்டால் மட்டும் வாய் மூடிடுது."

நான் அதிகம் கதைக்கிறவள் அல்ல. மூடிய வாய் எனக்குப் பழக்கமானது. ஒப்புக்கொண்டேன்.

எனக்குக் கற்பித்துப் பழக்கமில்லை. இணையத்தில் ஒரு கைந்நூலைத் தேடி இறக்கிக்கொண்டேன். எங்கோ ஒரு குளிர் நாட்டில், ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேற்றுமொழி ஒன்றை விளையாட்டாக வாசிக்கவும் எழுதவும் பழக்குகின்ற ஆசிரியர்களுக்காக எழுதப்பட்டது. அதன் அறிவுரை எளியது. எழுத்தின் பெயரைப் பிறகு சொல்லலாம், முதலில் அதன் ஒலியைக் கொடுங்கள். அட்டையைக் கொடுங்கள், தரையைக் கொடுங்கள், பிள்ளையின் உடம்பை வேலை செய்ய விடுங்கள்.

முதலில் அட்டையைத்தான் நம்பினேன். பிஸ்கட் பெட்டி மட்டைகளை அளந்து வெட்டி, ஓரங்களை அரத்தாளால் தேய்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்தாக எழுதி முடிக்க இரண்டு பின்னேரங்கள் சென்றன.

எங்கள் நகரத்தில் மான்கள் தெருவில் நடமாடுவது வெளியூரவர்களுக்கு அதிசயம். எங்களுக்கு அது போக்குவரத்துப் பிரச்சினை. பஸ் நிலையத்தில் பையைப் பயணிகள் இருக்கும் வாங்கில் வைத்துவிட்டு, பாலையூற்றுப் பக்கம் போகும் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். திரும்பியபோது ஒரு கிளைமான் பைக்குள் முகத்தைப் புதைத்து நின்றது. என்னைக் கண்டு பயப்படவும் இல்லை. வாயில் இருந்த அட்டையை முழுவதுமாக மென்று விழுங்கிய பிறகே விலகிப் போனது. மிஞ்சியவை எச்சிலில் ஊறி, மை கரைந்து கிடந்தன.

வகுப்பில் இதைச் சொன்னபோதுதான் பிள்ளைகள் முதன்முதலாக என்னைக் கேள்வி கேட்டார்கள்.

"மான் எந்த எழுத்தைத் திண்டது அக்கா?"

"இனி அந்த மான் இங்கிலீசு கதைக்குமோ?"

"கதைச்சாலும் அரைவாசிதான் கதைக்கும். மிச்ச எழுத்து அக்கான்ர பையிலதானே," என்றான் நிரோஜன்.

அட்டை போனதால்தான் தரைக்கு வந்தேன். தரைக்கு வந்ததால்தான் அந்தக் கால்கள் நின்றன.

நடுவில் ஒரு ஆள்

கைந்நூலில் இதற்கு விடை இல்லை. எழுதியவருக்கு எழுத்தை மிதிக்கக் கூசுகின்ற பிள்ளைகளைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஈரத்துணி எடுத்து எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று நான் குனிந்தேன்.

அந்த நேரத்தில் நிரோஜனின் கால் களைத்துவிட்டது. இறக்கியே ஆகவேண்டும். அவன் ஒரே எட்டில் பாய்ந்து, இரண்டு எழுத்துகளுக்கு இடையில் இருந்த வெறும் தரையில் போய் நின்றான். எழுத்தில் நுனிவிரல்கூடப் படவில்லை.

"தப்பிட்டன்!" என்றான்.

அடுத்த நிமிடம் எல்லாரும் இடைவெளிகளில் பாய்ந்துகொண்டிருந்தார்கள். நான் எழுத்துகளை எழுதிய தரையில், எழுத்தில்லாத இடங்களெல்லாம் பிள்ளைகளால் நிரம்பின. விரிவுரை மண்டபங்களில் ஒரு பிரதியின் மௌனங்களைப் பற்றியும் இடைவெளிகளைப் பற்றியும் நாங்கள் நிறையக் கேட்டிருக்கிறோம். இடைவெளி ஒன்றில் ஒரு பிள்ளை வியர்வையோடு நின்று மூச்சு வாங்குவதை அன்றுதான் கண்டேன்.

டிலுக்சி, 'பீ'க்கும் 'எஸ்'ஸுக்கும் நடுவில் நின்றாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, அவள் வழக்கமாகக் கேட்கும் மெல்லிய குரலில் கேட்டாள்:

"அக்கா, அங்கால ஒரு எழுத்து, இங்கால ஒரு எழுத்து. அப்ப நடுவில நிக்கிற நான் என்ன எழுத்து?"

அந்தக் கேள்விதான் எங்கள் விளையாட்டாயிற்று. எழுத்துகளைத் தரையில் பெரிதாக எழுதுவோம், நடுவில் ஒரு இடத்தை விடுவோம். ஒரு பிள்ளை அதில் நின்று உயிரெழுத்தாக வேண்டும். இன்னொரு பிள்ளை வரிசையின் தலையில் நின்று, ஒலி ஒலியாகச் சேர்த்து வாசிக்க வேண்டும். நிற்கிறவர் வாயால் சொல்லக் கூடாது, உடம்பால் காட்ட வேண்டும்.

உருவங்களைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். கைகள் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கினால் 'யூ'. விறைப்பாக நின்றால் 'ஐ', தலைதான் அதன் புள்ளி. கைகளை வட்டமாகக் கோத்தால் 'ஓ'. ஒரு கையை இடுப்பில் ஊன்றினால் 'ஏ'. அதை நாங்கள் ஆவுக்கும் ஏக்கும் நடுவில் வாயைத் திறந்து ஒலித்துப் பழகினோம். 'ஈ' மட்டும் ஒருவருக்கும் வரவில்லை. நிரோஜன் இடுப்பை வளைத்து முயன்று இரண்டு தரம் விழுந்தான்.

டிலுக்சி கைகளைத் தூக்கி நிற்க, ஹனான் வாசித்தாள். "ப்… அ… ஸ்… பஸ்!" பிறகு முகம் சுருங்கியது. "இது தமிழ்தானே அக்கா?"

வகுப்பு முடிந்ததும் எழுத்துகளை அழிப்பதற்கு அவர்கள் கூட்டுகிற தும்புத்தடியைத் தொடவில்லை. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, கையாலும் ஈரத்துணியாலும் துடைத்தார்கள். அழிக்காவிட்டால் நாளைக்குக் கூட்டத்துக்கு ஆட்கள் வந்து மிதிப்பார்களாம்.

வாசலில் ஒரு தாய்

டிலுக்சியின் அம்மாவை நான் முதன்முதல் கண்டது ஒரு சனிக்கிழமை, அந்த மண்டபத்தின் வாசலில்தான். சுகந்தி என்று பெயர். வீட்டிலிருந்து தையல் வேலை செய்கிறவர். சட்டையின் கழுத்தோரத்தில் குண்டூசிகள் குத்தியிருந்தன. எவ்வளவு நேரம் நின்று பார்த்தாரோ தெரியாது. உள்ளே அவருடைய மகள் கைகளைத் தூக்கிக்கொண்டு தரையில் நின்றாள், மற்றவர்கள் அவளைச் சுற்றிக் கெந்தினார்கள்.

"ரீச்சர், உங்களோட ஒரு கதை கதைக்கவேணும்," என்றார்.

வெளியே வேப்பமரத்தடிக்கு வந்தோம். அவருடைய கணவர், டிலுக்சி தவழும் வயதில் கனடாவுக்குப் போனவர். ஸ்பொன்சர் அலுவல் இப்போதுதான் சரிவந்திருந்தது. இன்னும் சில மாதத்தில் தாயையும் மகளையும் அழைத்துவிடுவார்கள்.

"அங்க போய் இறங்கின கிழமையே பள்ளிக்கூடத்தில விடுவினமாம். மற்றப் பிள்ளையள் எல்லாம் புத்தகம் புத்தகமா வாசிக்குமாம். என்ர பிள்ளைக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அதுதான் உங்களிட்ட விட்டனான். நீங்கள் என்னடா எண்டால்…" அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். "விளையாட்டுக் காட்டுறியள்."

"விளையாடித்தான் வாசிக்கினம்."

"அப்ப வாசிக்கட்டும் பாப்பம். டிலு! இஞ்ச வா. ஏ பீ சீ சொல்லு."

டிலுக்சி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஏ, பீ, சீ, டீ என்று தொடங்கி 'ஜீ' வரை வந்தாள். அங்கே நின்றாள். பிறகு மெதுவாக, "எஸ்?" என்றாள்.

நான் ஒலிகளைத்தான் கொடுத்திருந்தேன், வரிசையைக் கொடுக்கவில்லை. அது கைந்நூலில் சரியான முறை. வேப்பமரத்தடியில், எட்டு வயதுப் பிள்ளையின் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கவில்லை.

"ரியூசன் மாஸ்டரிட்டப் படிக்கிற பக்கத்து வீட்டுப் பெடியன் இசட் வரைக்கும் தலைகீழாச் சொல்லுவான்," என்றார் சுகந்தி.

"வரிசை பிறகு வரும். இப்ப சத்தத்தைச் சேர்த்து…"

"எங்களுக்குப் பிறகு எண்டு ஒண்டு இல்லை ரீச்சர்."

நகரத்தில் உள்ள அந்த ரியூசன் வகுப்பில் டிலுக்சிக்குப் பெயர் கொடுத்தாயிற்று என்றார். அடுத்த ஞாயிறு நாலு மணிக்குத் தொடக்கம். எங்கள் வகுப்பும் அதே நேரம்தான். அதுவரைக்கும் பிள்ளை வரட்டும், பிறகு அங்கே போகட்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. குண்டூசி ஒன்றைக் கழற்றி, இருந்த இடத்திலேயே மறுபடி குத்திக்கொண்டார்.

டிலுக்சி உள்ளே போய், தான் நின்ற இடைவெளியில் மறுபடி நிற்கவில்லை. சுவரோரமாக உட்கார்ந்துகொண்டாள்.

பெயர்ப்பலகைகள்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது, சுகந்தி சொன்னதை நான் பிழை என்று தள்ளிவிட முடியாமல் இருந்ததற்கு என் சொந்தப் படிப்பே காரணம்.

நாங்கள் ஆங்கிலம் படித்தது பாராயணமாகத்தான். ஆசிரியை ஒரு வரி சொல்வார், வகுப்பு முழுவதும் அதே ராகத்தில் திருப்பிச் சொல்லும். பாடப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன். பக்கத்தின் நடுவில் விரலை வைத்து 'இது என்ன சொல்?' என்று கேட்டால், முதல் வரியிலிருந்து மனதுக்குள் ஓடி வந்துதான் அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். அப்படிப் படித்த நான்தான் இன்று ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிறேன். ஆகவே அந்த வழி எங்கும் கொண்டு போகாது என்று சத்தியம் செய்ய எனக்கு உரிமையில்லை.

ஆனால் சிங்கள எழுத்தை நான் வேறு விதமாகப் படித்தேன். அதை ஒருவரும் எனக்குக் கற்பிக்கவில்லை. பள்ளிக்கூடம் போகும் வழியில் பலகைகள் இருந்தன. மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம். நடு வரியை வாசித்தபடியால் மேல் வரி என்ன சொல்கிறது என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். ஊரின் பெயர் ஏற்கெனவே என் வாயில் இருந்தது. அந்தச் சுழிகளில் எது 'க', எது 'ம' என்று பொருத்திப் பார்ப்பதுதான் மிச்ச வேலை. யன்னலோர இருக்கை கிடைக்காத நாட்களில் எனக்குப் படிப்புத் தவறிவிட்டதுபோல இருக்கும்.

ஹனான் 'இது தமிழ்தானே' என்று ஏமாற்றத்தோடு கேட்டது அந்தப் பலகைகளைத்தான் நினைவூட்டியது. பிள்ளைகளின் வாயில் ஏற்கெனவே இருக்கின்ற ஆங்கிலச் சொற்களை எண்ணத் தொடங்கினேன். பஸ், கப், பென், பெல், டின், புத்தகம் கொண்டுபோகிற பாக். ஒரு பிள்ளை வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்த சொல்லை முதல்முறையாக எழுத்தில் சந்திக்கட்டும். அந்நிய மொழிக்குள் தெரிந்த முகம் ஒன்று நின்றால், உள்ளே போகும் பயம் கொஞ்சம் குறையும்.

மறுநாள் ஞாயிறு, அந்தச் சொற்களோடு போனேன். டிலுக்சி வந்திருந்தாள். தரையில் நிற்க மாட்டேன் என்றாள். ஆகவே அன்று முதுகில் எழுதும் விளையாட்டு. ஒருவர் பின்னால் ஒருவர் இருந்து, முன்னால் இருப்பவரின் முதுகில் விரலால் எழுத்து எழுத வேண்டும். அவர் அதைத் தன் முன்னால் உள்ளவரின் முதுகில் எழுத வேண்டும். வரிசையின் முன்தலையில் இருப்பவர் வெண்கட்டியால் சுவர்ப்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும்.

"கூசுது, கூசுது!" என்று நிரோஜன் நெளிந்ததில் எழுத்து பாதி வழியில் உடைந்தது. டிலுக்சி முன்தலையில் இருந்தாள். கண்களை மூடிக்கொண்டு, முதுகால் கேட்பவள்போல அசையாமல் இருந்தாள். பிறகு எழுந்து போய்ப் பலகையில் ஒரு 'ஜீ' எழுதினாள். வாலின் வளைவு சரியாக வந்திருந்தது. வீட்டுக்குப் போகும்போது ஒரு துண்டு வெண்கட்டி கேட்டாள். கொடுத்தேன்.

குசினித் தரை

அடுத்த சனிக்கிழமை, வகுப்புத் தொடங்குவதற்கு முன்பே சுகந்தி வந்துவிட்டார். மகளும் கூட வந்திருந்தாள். ஆனால் தாயின் பின்னால் ஒளிந்து நின்றாள். முறைப்பாடு என்று நினைத்தேன். முறைப்பாடாகத்தான் தொடங்கியது.

"குசினியில கால் வைக்க ஏலாது ரீச்சர். நிலமெல்லாம் கீறி வைச்சிருக்கிறா. அடுப்படிக்குப் போக எனக்கு வழியில்லை."

"அழிச்சுவிடச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னனான். 'அம்மா மிதிக்காதேங்கோ, எழுத்து' எண்டுறா. நானும் சுத்திச் சுத்திப் போறன். இது ஒரு நாள் இல்லை, கிழமை முழுக்க. நான் தேங்காய் திருவிக்கொண்டிருக்கப் பின்னால வந்து முதுகில எழுதுறா. 'என்ன எழுத்துச் சொல்லுங்கோ' எண்டுறா. எனக்குத் தெரிஞ்சால்தானே சொல்ல?"

நிரோஜனும் ஹனானும் இதற்குள் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வியாழக்கிழமை எனக்குச் சரியான கோவம். சோறு அடிப்பிடிக்கிற மணம். வந்து பாக்கிறன், குசினி வாசலில இருந்து அடுப்பு வரைக்கும் எழுதிப்போட்டு நடுவில இடம் விட்டிருக்கிறா. எனக்கு நிக்க வேற இடமில்லை. அந்த இடத்தில ஏறி நிண்டு, இப்பிடி," என்று சுகந்தி ஒரு கையை இடுப்பில் ஊன்றிக் காட்டினார், "இப்பிடி நிண்டு ஏசத் துவங்கினன். அவ அழேல்ல ரீச்சர். என்னைப் பாத்துச் சிரிக்கிறா. 'அம்மா, அப்பிடியே நில்லுங்கோ, அசையாதேங்கோ' எண்டு சொல்லிப்போட்டு, அங்கால போய் நிண்டு…"

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லு, அண்டைக்கு என்ன வாசிச்சனி?"

"பாக்," என்றாள் டிலுக்சி, தாயின் சேலைக்குப் பின்னாலிருந்து.

'பீ'யும் 'ஜீ'யும், நடுவில் இடுப்பில் கையூன்றிய தாயும். அந்தச் சொல்லைத் தரையில் எழுதி நாங்கள் ஒருநாளும் விளையாடியதில்லை. முதுகில் வந்த 'ஜீ'யை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய், தெரிந்த 'பீ'யோடு வைத்து, நடுவுக்கு ஒரு ஆள் தேடியிருக்கிறாள். வீட்டில் இருந்த ஒரே ஆள் அம்மா.

"மாமி ஏசப் போய் எழுத்தாகிட்டா!" என்று நிரோஜன் வாசலில் இருந்து கத்தினான்.

"போடா!" என்றார் சுகந்தி. ஆனால் உதட்டோரம் அசைந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நான் கோவத்தில நிண்டனான். அவ என்னை வாசிச்சிட்டா."

வேப்பமரத்தடிக் கதிரையில் உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவவுக்கு அங்க பள்ளிக்கூடம் இருக்கு. ரீச்சர்மார் இருப்பினம். ஒரு வருசத்தில அவ கதைச்சிடுவா, எனக்குத் தெரியும். அவரும் விடிய வேலைக்குப் போயிடுவார். நான்தான்… கடைக்குப் போறதெண்டாலும், இவவைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்தி இறக்கிறதெண்டாலும், ஒரு பலகையும் எனக்கு வாசிக்கத் தெரியாது. இவ்வளவு நாளும் பிள்ளைக்கு, பிள்ளைக்கு எண்டுதான் திரிஞ்சனான்."

உள்ளே போய்த் தரையில் எழுதத் தொடங்கினேன்.

வாசிக்கிறவரின் இடம்

'பீ' எழுதினேன். ஒரு ஆள் நிற்கக்கூடிய இடம் விட்டு, 'எஸ்' எழுதினேன்.

சுகந்தி வாசலில் செருப்பைக் கழற்றினார். பிறகு என்ன நினைத்தாரோ, வெளியே குழாயடிக்குப் போய்க் காலைக் கழுவிவிட்டு வந்தார். ஈரப் பாதங்களோடு சுவரோரமாக நடந்து, எழுத்தில் சேலைத் தலைப்புப் படாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, நடுவில் போய் நின்றார். கையை இடுப்பில் ஊன்றினார்.

"அது இல்லை மாமி," என்றாள் ஹனான் பொறுப்போடு. "இது பாக் இல்லை. இதுக்கு ரெண்டு கையையும் தூக்கவேணும்."

அவர் கைகளைத் தூக்கினார். கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை சரிந்தன. பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். டிலுக்சி வாசிக்கிறவரின் இடத்தில் போய் நின்று, பெருமையை மறைக்க முடியாத குரலில், "ப்…" என்று தொடங்கினாள்.

"பொறு," என்றார் சுகந்தி.

கைகளை இறக்கிவிட்டு, மகளிடம் போனார்.

"நீ போய் நில். நான் சொல்லிப் பாக்கிறன்."

டிலுக்சி ஒரு கணம் தயங்கினாள். பிறகு ஒரே எட்டில் நடுவுக்குப் பாய்ந்து, கைகள் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கினாள். தாயும் மகளும் எழுத்துகளுக்கு மேலாக ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ப்," என்றார் சுகந்தி. அது டிலுக்சி சொன்னதைக் கேட்டுச் சொன்னது. எல்லாருக்கும் தெரியும். அடுத்ததுதான் அவருடையது. மகளின் கைகளைப் பார்த்தார். உதடுகள் ஒலியில்லாமல் அசைந்தன. நிரோஜன் சொல்லிக் கொடுக்க வாயைத் திறந்தான், ஹனான் தன் உள்ளங்கையால் அதைப் பொத்தினாள்.

"அ," என்றார். என்னைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார். அவள் தலையசைக்கவில்லை. தூக்கிய கைகளை இறக்கவும் இல்லை.

"ப்… அ…" கடைசி எழுத்தின் வளைவை அவர் விரலால் காற்றில் ஒருமுறை எழுதிப் பார்த்தார். தையல்காரரின் விரல், துணியில் கழுத்து வளைவை அளப்பதுபோல. "ஸ்."

பிள்ளைகள் வரிசையை விட்டு முன்னால் எட்டிப் பார்த்தார்கள்.

"ப்அஸ்… பஸ்." அவர் நிமிர்ந்தார். "பஸ்ஸோ? நாங்கள் ஏறுற பஸ்ஸோ?"

"ஓம் அம்மா!"

"அட, இதுக்குள்ளயோ நான் இவ்வளவு காலமும் ஏறி இறங்கினனான்?"

பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். டிலுக்சி கைகளை இறக்கி, எழுத்துகளைச் சுற்றி ஓடி வந்து தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அன்று மிச்ச நேரம் முழுவதும் சுகந்தி வரிசையில் நின்றார். தன் முறை வரும்வரை காத்திருந்தார். 'கப்' சரியாக வந்தது, 'டின்' வரவில்லை. வராதபோது, "சொல்லாதேங்கோ, சொல்லாதேங்கோ" என்று மற்றவர்களைத் தடுத்துவிட்டு, மறுபடி முதலில் இருந்து தொடங்கினார்.

வகுப்பு முடிந்து, பிள்ளைகள் வாளியோடு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் ஒரு துணியை வாங்கி, குந்தியிருந்து துடைத்தார். நான் சுவர்ப்பலகையை அழித்துவிட்டுத் திரும்பியபோது, தாயும் மகளும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார்கள். மறுநாள் ஞாயிறு என்பதும், நகரத்தில் நாலு மணிக்கு ரியூசன் வகுப்புத் தொடங்குகிறது என்பதும் எனக்கு நினைவிருந்தது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை. பிள்ளையை அனுப்புவதா இல்லையா என்பது அவருடைய முடிவு.

டிலுக்சி தாயின் கையைப் பிடித்து ஒருமுறை இழுத்தாள்.

"கேக்கிறனடி, பொறு," என்றார் சுகந்தி. பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கு நாலு மணிக்கு நாங்கள் ரெண்டு பேரும் இஞ்ச வரலாமோ, தங்கச்சி?" என்று கேட்டார்.